வேறு ஆதரவு: இல்லை

தம்மாம்,
17 ஜனவரி 2025, வெள்ளி

மருமகள் ராதிகாவுக்கு அம்மையப்பன் எழுதுவது.

நான் உயிரோடு இருக்கும்போது என் பேத்தி ஆதிரையை ஆதரவற்றவள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். நீ செய்த தவறு இது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பின்னால் நான் ஒன்று சொன்னேன், நீ ஒன்று சொன்னாய் என்று ஆகக் கூடாது. பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனி ஸ்டோரில் வெல்டிங் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் இந்திய சிம்முக்கு ஒரு செய்தி வந்தது. குடும்ப அட்டையிலிருந்து இரண்டு பேரை நீக்குவதற்கான ஆறு இலக்க எண். எந்தத் திருடன் என் அட்டையில் கை வைக்கிறான் என்று பதறி உனக்கு அடித்தால், "நான்தான் மாமா. அந்த நம்பரச் சொல்லுங்க, இ-சேவையில ஆளு காத்திருக்காரு" என்கிறாய். திருடனாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். தகப்பன் இல்லாத பிள்ளையைப் பராமரிக்க அரசாங்கம் மாதம் நாலாயிரம் தருகிறது. அதற்கு வருமானச் சான்று வேண்டும். சவுதியில் இருக்கும் என் பெயர் தலைவராக உள்ள அட்டையில் நீங்கள் இருக்கும்வரை அது கிடைக்காது. ஆகவே உன்னையும் குழந்தையையும் தனியாகப் பிரிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். என் பட்டன் போனில் படம் வராது என்று, என் அறையில் இருக்கும் கார்மேகம் போனுக்கு அனுப்பினாய். ஏழாவது கேள்வி: தாயைத் தவிர குழந்தைக்கு வேறு ஆதரவு உண்டா? பதில்: இல்லை. கீழே உன் கையெழுத்து.

விமல் ராஸ் லஃபானில் கேம்ப் கட்டிலிலேயே போய்விட்ட அன்று, கத்தாருக்குள் நுழைய எனக்கு விசா இல்லை. ஊருக்குப் புறப்பட இங்கே பேப்பர் முடிய நாலு நாள் என்றார்கள். பெட்டி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. என் மகனுக்குக் கொள்ளி வைத்ததைக் கார்மேகம் பிடித்திருந்த போனில்தான் பார்த்தேன். அப்போது உன்னிடம் என்ன சொன்னேன்? "நான் இருக்கேன்" என்றேன். கூடி நின்றவர்கள் காதிலும் விழுந்தது. இரண்டு வருடம் கழித்து நீ "இல்லை" என்று எழுதுகிறாய்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பொட்டலம் கட்டி வந்த தாளையும் சைட்டில் ஒட்டிய நோட்டீசையும் படித்துப் படித்து எழுதக் கற்றவன். இந்த கேம்பில் முப்பது பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றிலும் பொய் எழுதியதில்லை. என் வீட்டிலிருந்து ஒரு பொய் மனு போகாது.

அந்த எண்ணை நான் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது. சிம்மைக் கழற்றி, கேபிள் வெட்டும் கட்டரால் இரண்டாக வெட்டிவிட்டேன். "ஏண்ணே, அவனவன் ஊர் சிம்மு செத்துறக் கூடாதுன்னு மாசா மாசம் ரீசார்ஜ் போட்டுக் காப்பாத்துறான், நீங்க வெட்டிப் போடுறீகளே" என்றான் கார்மேகம். செத்தால் சாகட்டும் என்றேன்.

பகலில் பிள்ளையை விடுவதற்கு நீ சொன்ன காப்பகத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுது, நான் அனுப்புகிறேன். போனில் பேசினால் என் குரல் உயர்கிறது, நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுது. லீவில் வரும் நம்மூர் சுரேஷ்குமார் இதைக் கொண்டுவந்து தருவான்.

அம்மையப்பன்


மேலக்குறிச்சி,
2 பிப்ரவரி 2025

மாமாவுக்கு ராதிகா வணக்கம்.

காகிதத்தில் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆனால் சுரேஷ்குமார் அண்ணன் திரும்பும்வரை காத்திருக்க முடியாது. படம் எடுத்துக் கார்மேகம் அண்ணன் போனுக்கே அனுப்புகிறேன். கோபப்படாதீர்கள்.

நீங்கள் வரிசையாக எழுதினீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

செருப்புக் கம்பெனி பஸ் காலை ஏழேகாலுக்கு ரோட்டுக்கு வரும். திரும்பக் கொண்டுவந்து விடும்போது ஆறு ஆகிவிடும். அங்கன்வாடி மூன்றரைக்கு மூடிவிடும். நடுவில் உள்ள நேரத்துக்கு ஆதிரை எதிர்வீட்டில் இருந்தாள். எதிர்வீட்டு அக்கா களை எடுக்கப் போகும் நாளில் அங்கும் ஆள் இல்லை. என் அம்மா செங்கல் சூளையில் கிடக்கிறார், அவரைக் கூப்பிட்டால் அவர் எதைச் சாப்பிடுவார்?

டிசம்பர் பதினெட்டாம் தேதி நான் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். ரோட்டு ஓரத்தில், என் பழைய சேலை ஒன்றை இழுத்துக்கொண்டு ஆதிரை நிற்கிறாள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. "அம்மா பஸ்ஸு வருதான்னு பாத்தேன்" என்றாள். டிரைவர் அண்ணன் எல்லார் எதிரிலும் என்னைத் திட்டினார். எதிர்வீட்டு அக்காவை ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் இல்லை. சும்மா பார்த்துக்கொள்பவரிடம் என்ன கேட்பது?

கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு காப்பகம் இருக்கிறது. காலை ஏழரை முதல் ஆறு மணிவரை வைத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் மடியில் வைத்தே கூட்டிப் போகலாம். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. அங்கே வேலை செய்யும் பெண்தான் இந்த உதவித்தொகையைச் சொன்னாள். கிராம அலுவலகத்துக்குப் போனேன். "ஏம்மா, ஒம் மாமனாரு சவுதியில இருக்காரு. அட்டையில அவருதான் தலைவரு. ஒனக்கு வருமானம் இல்லைன்னு நான் எழுதிக் குடுத்தா நாளைக்கு எனக்கு வருமானம் இருக்காது. பேரப் பிரிச்சிட்டு வா, அரை மணியில தர்றேன்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை.

ஏழாவது கேள்விக்கு வருகிறேன். இ-சேவையில் இருந்தவர், "வேற யாராச்சும் பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டார். ரோட்டோரம் நின்ற பிள்ளைதான் எனக்குக் கண்ணில் வந்தது. இல்லை என்றேன். உங்களை மறந்து சொல்லவில்லை மாமா, நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். நீங்கள் தம்மாமில் இருக்கிறீர்கள்.

சிம்மை வெட்டியதைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். தலைவர் நம்பர் இல்லையென்றால் தலைவரே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். சிரிப்பு போய்விட்டது.

உங்கள் காசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அறுபத்திரண்டு வயது. இன்னும் எத்தனை வருடம் அனுப்புவீர்கள்? அரசாங்கத்துக்கு வயதாகாது.

ராதிகா


தம்மாம்,
14 பிப்ரவரி 2025, வெள்ளி

ராதிகாவுக்கு,

கார்மேகம் போனுக்கு அனுப்பாதே என்றால் கேட்க மாட்டாய். அறையில் ஆறு பேர் படித்து முடித்து ஏழாவதாக எனக்கு வந்தது உன் கடிதம். எல்லோரும் உன் கட்சி. கடைசி வரியை மனப்பாடமே செய்துவிட்டார்கள். சோறு போடும் இடத்தில், "அண்ணே, அரசாங்கத்துக்கு வயசாகாதுண்ணே, நீங்க கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க" என்கிறார்கள். கார்மேகத்தைத் தட்டால் அடிக்கப் போனேன், ஓடிவிட்டான்.

டிராக்டர் விஷயத்தை நீ அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றரை மாதம் மறைத்தாய். இது இரண்டாவது தவறு. அதைப் படித்த மறுநாள் டூட்டியில் எனக்குக் கை ஓடவில்லை. பதினாறு எம்எம் போல்ட் கேட்டவனுக்குப் பதினெட்டு எடுத்துக் கொடுத்தேன், அவன் மேலே ஏறிப் போய்விட்டுத் திரும்பி வந்து, "சாச்சா, கண்ணாடி போடுங்க" என்று இந்தியில் கத்தினான்.

பணம் இன்று அனுப்பியாயிற்று. நாளைக்கே குழந்தையைக் காப்பகத்தில் சேர். சேர்க்கும் முன் இவற்றை உன் கண்ணால் பார். வாசல் கதவுக்கு உயரத்தில் கொக்கி உண்டா? உள்ளே கிணறோ தொட்டியோ இருக்கிறதா? ஒரு ஆயாவுக்கு எத்தனை பிள்ளை? மத்தியானம் தூங்க வைக்கும்போது ஆயாவும் தூங்குகிறாளா? இதை அவளிடம் கேட்காதே, அங்கே வரும் வேறொரு தாயிடம் கேள்.

உன் மாமியார் நாகவள்ளி இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அவள் போய் எட்டு வருடம் ஆகிறது.

அரசாங்கப் பணம் ஆகாது என்று சொல்கிறவன் இல்லை நான். அரசாங்கம் போட்ட ரோட்டில் நடக்கிறோம், போட்ட தடுப்பூசியைப் போட்டுக்கொண்டோம். சேர வேண்டியதை வாங்க எனக்கு வெட்கம் இல்லை. யாரும் இல்லை என்று சொல்லி வாங்குவதற்குத்தான் என் கை வராது. ஆதிரை நாளைக்குப் படிக்கத் தெரிந்தவளாக வளர்வாள். அந்தத் தாள் எங்காவது ஒரு கோப்பில் இருக்கும். தாத்தா என்று ஒருவர் இருந்தாரே, இல்லை என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பாள். நீ என்ன பதில் சொல்வாய்?

அட்டை அப்படியே இருக்கும். நான் தலைவராக அப்படியே இருப்பேன்.

அம்மையப்பன்


மேலக்குறிச்சி,
11 மே 2025

மாமாவுக்கு,

ஆதிரை பிப்ரவரி மாதத்திலிருந்து காப்பகம் போனாள். முதல் வாரம் அழுதாள். பிறகு பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் டாடா காட்டினாள். கீரை சாப்பிடுகிறாள். ஆயாவை "மிஸ்ஸு" என்கிறாள். கொக்கி உயரத்தில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

"போனாள்" என்று எழுதியிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள்.

போன சனிக்கிழமை ரேஷன் வரிசையில் சுரேஷ்குமார் அண்ணன் மனைவி விஜி என் பின்னால் நின்றாள். "ஏன்டி ராதிகா, ஒம் மாமனார ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்களாமே? கண்ணு சரியாத் தெரியலைன்னு கேம்ப் கூட்டுற வேலைக்குப் போட்டுட்டாங்களாம். சம்பளமும் பாதியாம். மெஸ்ஸயும் நிறுத்திட்டாராம், ரெண்டு குப்பூஸு, ஒரு டீ, அவ்ளோதான் ஒரு நாளைக்குன்னு எங்க வீட்டுக்காரரு போயிப் பாத்துட்டுப் போன்ல சொல்லுறாரு" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மார்ச்சிலிருந்தாம்.

எனக்கு முன்னால் நின்றவர் அரிசி வாங்கிப் போய்விட்டார். கடைக்காரர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

மார்ச்சில் பேசினேன், ஏப்ரலில் பேசினேன். "ஸ்டோர்லதான் இருக்கேன், ஒரு கொறையும் இல்லை" என்றீர்கள். முப்பது மனுவிலும் பொய் எழுதாதவர் நீங்கள். சரி. என்னிடம் சொன்னது என்ன?

மே மாதத்துக்கு நீங்கள் அனுப்பியதை நான் காப்பகத்தில் கட்டவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் தட்டிலிருந்து எடுத்து அவளுக்கு ஊட்ட என்னால் முடியாது. ஆதிரையை மறுபடி அங்கன்வாடியில் விட்டு, மூன்று மணிக்கே கம்பெனியிலிருந்து கிளம்பி வருகிறேன். அரைச் சம்பளம். சூப்பர்வைசர் மேடம் நல்லவர். "ஜூன் வரைக்கும் சமாளிக்கிறேன் ராதிகா, பெரிய ஆர்டர் வந்துட்டா என் கையில இல்லை" என்கிறார்.

உதவித்தொகைக்கான கூட்டம் ஆகஸ்டில். அதற்குள் வருமானச் சான்று வேண்டும். உங்களுக்குப் பக்கத்து ஊர் கோபரில் நம் நாட்டு ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம், அங்கே நீங்கள் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் தாலுகாவில் எடுத்துக்கொள்வார்களாம். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் முதலில் மெஸ்ஸில் சேருங்கள்.

ராதிகா


தம்மாம்,
23 மே 2025, வெள்ளி

ராதிகாவுக்கு,

சுரேஷ்குமாருக்கு வாய் நீளம். ஊரிலேயே அப்படித்தான்.

குப்பூஸ் ரொட்டி நல்ல உணவு. இந்த நாட்டுக்காரர்கள் அதைத்தான் தின்று திடமாக இருக்கிறார்கள். மெஸ்ஸை நிறுத்தியது அங்கே ஊற்றும் எண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்ளாததால். ஸ்டோரில் இருக்கிறேன் என்று சொன்னதும் பொய் கிடையாது, ஸ்டோர் வாசலையும் நான்தான் கூட்டுகிறேன்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பொய்தான். தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

வலது கண்ணில் புரை. பொருளின் நம்பர் இரண்டாகத் தெரிகிறது. தப்பான போல்ட்டால் மேலே இருப்பவன் உயிர் போகும், ஆகவே எடுத்தது சரி. கம்பெனி மேல் எனக்குக் குறை இல்லை. இருபத்திரண்டு வருடம் சாவி வைத்திருந்த இடத்தில் துடைப்பத்தோடு போய் நிற்கும்போது புதிதாக வந்த பையன், "சாச்சா, இங்க அப்புறம் கூட்டலாம்" என்கிறான். அவ்வளவுதான். அதற்கும் பழகிவிட்டது.

நீ சொன்னபடி கோபருக்குப் போனேன். கேம்ப் கேட்டுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து சாதிக் பாட்ஷா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தன் காரில் கூட்டிப்போனார். வெளியே டைப் அடித்துத் தரும் கடையில் ஒரு கேரளத்துப் பையன். விஷயத்தைச் சொன்னதும் இரண்டே நிமிடத்தில் தாளை நீட்டினான். படிக்கச் சொன்னேன். "மேற்படி குழந்தைக்கு நான் எவ்வகையிலும் பொறுப்பாளி அல்ல" என்று தொடங்குகிறது.

"அத எடு" என்றேன்.

"சேட்டா, இது ஃபார்மேட்டாணு. எல்லாருக்கும் இதுதான்."

"எனக்கு வருமானம் கொறைஞ்சு போச்சுன்னு எழுது. கண்ணு தெரியலைன்னு எழுது. பொறுப்பில்லைன்னு எழுதாத."

"பொறுப்பு உண்டுன்னு எழுதினா பின்னே எதுக்கு சேட்டா இந்த பேப்பர்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பாய் உள்ளே அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டில் இறக்கிவிட்டுத்தான், "அம்மையப்பண்ணே, எத்தனையோ பேர இந்த ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். கையெழுத்து போடத் தெரிஞ்சும் போடாம வந்தது நீங்க ஒருத்தருதான்" என்றார். "பெட்ரோலுக்கு என்ன ஆச்சு பாய்?" என்றேன். "கலாஸ், அது முடிஞ்சுது. போயிப் படுங்க" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அம்மையப்பன்


மேலக்குறிச்சி,
15 ஜூன் 2025

மாமா,

பெரிய ஆர்டர் வந்துவிட்டது. மூன்று மணிக்குக் கிளம்புவது ஒன்றாம் தேதியோடு முடிந்தது.

இப்போது நடப்பது இது. மூன்றரைக்கு எதிர்வீட்டு அக்கா அங்கன்வாடியிலிருந்து ஆதிரையைக் கூட்டிவந்து தன்னிடம் வைத்துக்கொள்கிறார். ஐந்து மணிக்கு அவர் மாடு பிடிக்கப் போக வேண்டும். ஆகவே ஐந்திலிருந்து ஆறுவரை ஆதிரை நம் வீட்டில் தனியாக இருக்கிறாள். கதவுக்குக் கீழ்த்தாழ் போட்டுக்கொள்ள நான்தான் கற்றுக்கொடுத்தேன். யார் கூப்பிட்டாலும் திறக்காதே, அம்மா குரல் கேட்டால் மட்டும் திற என்று சொல்லியிருக்கிறேன். அடுப்பங்கரையைப் பூட்டி, தண்ணீர்க் குடத்தையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறேன். நேற்று நான் வந்து கூப்பிட்டேன். அவள் திறக்கவில்லை. "நீ அம்மாதானா? இன்னொருவாட்டி பேசு" என்றாள். மூன்றரை வயது.

இதைக் கற்றுக்கொடுத்த தாய், படிவத்தில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கோபரில் நீங்கள் கையெழுத்துப் போடாததைப் படித்தபோது இந்தக் கடிதத்தையே எழுதக் கூடாது என்று இருந்தேன். பத்து நாள் அப்படியே இருந்தேன். வியாழக்கிழமை மாவட்ட ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். பெயர் மெஹர்பானு. ஆதிரை சேலையைச் சுற்றிக்கொண்டு அவருக்கு டீ போடுவதுபோல விளையாட, வெறும் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்றார். பிறகு என்னிடம் எல்லாவற்றையும் கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். சிம், கட்டர், கேரளத்துப் பையன், ஒன்று விடாமல். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தாத்தா இருக்காருன்னு சொன்னா பணம் வராதுன்னு யாரு சொன்னது? பாத்துக்க முடியுதா இல்லையாங்கறதுதான் எனக்கு வேணும். நான் அவர்கிட்ட வீடியோல பேசறேன். என்ன சொல்றாரோ அத எழுதறேன். நான் ஃபார்மேட் அடிக்கிறவ இல்லை" என்றார். ஆனால் சான்று கிராம அலுவலகம் தருவது, அதற்கு அட்டையைப் பிரித்தே ஆக வேண்டும், அதில் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை 20ஆம் தேதி உங்கள் நேரம் நாலு மணிக்குக் கார்மேகம் அண்ணன் போனில் வருவார்.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று போனில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை மாமா. அந்தச் சொல்லில்தான் நான் எழுந்து வீட்டுக்குள் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு ஐந்திலிருந்து ஆறுவரை இருக்க முடியவில்லை, அதுதான்.

ராதிகா


தம்மாம்,
11 ஜூலை 2025, வெள்ளி

ராதிகாவுக்கு,

மெஹர்பானு அம்மா பேசியதை அவர் உனக்குச் சொல்லியிருப்பார். என் தரப்பில் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கார்மேகம் போனைப் பிடித்தான். மற்றவர்களை வெளியே போகச் சொன்னேன், ஒருவனும் போகவில்லை.

"ஐயா, ஆதிரைய நீங்க பாத்துக்கிறீங்களா?" என்று நேராகக் கேட்டார்.

எழுதி வைத்ததை எடுக்கவில்லை. "புள்ள ஒரு மணி நேரம் தாழ் போட்டுக்கிட்டுத் தனியா இருக்குதாம்மா" என்றேன்.

"தெரியும் ஐயா. அதனாலதான் கேக்கறேன்."

"நான் பாத்துக்கல. பாத்துக்கிறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். எழுதிக்கங்க."

"அப்படியே எழுதட்டுமா?"

"அப்படியே எழுதுங்க. தாத்தா இருக்காருன்னும் எழுதுங்க, அவரால முடியலைன்னும் எழுதுங்க. ரெண்டுல எத விட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"ரெண்டும் எழுதிட்டேன்."

"படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதிய முதல் அதிகாரி. போன் அணைந்தது. கார்மேகம் டீ போடப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் யோசித்தேன். நீ செய்தது தவறு என்று முதல் கடிதத்தில் எழுதினேன், அதை மாற்ற மாட்டேன். "இல்லை" என்று நீ எழுதியிருக்கக் கூடாது. ஆனால் நான் வெட்டியது சிம்மை என்று நினைத்தேன். வெட்டுப்பட்டது அந்தப் பிள்ளையின் இரண்டு மாதக் காப்பகம். அது என் கணக்கில் சேரும்.

அட்டையைப் பற்றி என் முடிவு. நீயும் ஆதிரையும் என் அட்டையிலிருந்து பிரிந்து போக வேண்டாம். அந்த வீட்டில் இருப்பது நீ, அரிசி வாங்குவது நீ, வரிசையில் நிற்பது நீ. இருபத்திரண்டு வருடமாக அங்கே இல்லாத ஒருவன் பெயர் தலைவர் என்று இருக்கிறது. போக வேண்டியவன் நான். என் பெயரை எடுத்துவிட்டு உன்னைத் தலைவராக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுப்பேன். எனக்குத் தனியாள் அட்டை கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். இதை யாரும் மாற்றச் சொல்லக் கூடாது, நீ உட்பட.

லீவு கேட்டு முதீருக்கு, எங்கள் மேனேஜருக்கு, மனு எழுதினேன். எனக்காக நான் எழுதிய முதல் மனு. நாற்பது நாள் கொடுத்திருக்கிறார்கள், டிக்கெட்டும் கம்பெனி தருகிறது.

இனி அவரவர் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வை.

நான்: ஜூலை 24 வியாழக்கிழமை திருச்சியில் இறங்குவேன். விமான நிலையத்துக்கு யாரும் வந்து ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டாம், பஸ் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை 28ஆம் தேதி தாலுகா ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நிற்பேன். கைரேகை வைப்பேன். மறுநாள் கிராம அலுவலகம். சான்று கையில் வரும்வரை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

நீ: வைத்திருக்கும் மே மாதப் பணத்தை நாளைக் காலையே காப்பகத்தில் கட்டி ஆதிரையைச் சேர். நான் வரும்வரைக்கும் என்றுகூடத் தள்ளாதே, இனி ஒரு நாளும் அந்தத் தாழை அவள் போடக் கூடாது. நான் மறுபடி மெஸ்ஸில் சேர்ந்தாயிற்று. நம்பிக்கை இல்லையென்றால் கார்மேகத்தைக் கேள், உன் கட்சிதானே. விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வியில் உள்ளதை அடித்துவிட்டு, "தாத்தா உண்டு, அயல்நாட்டில் கூலி வேலை, பராமரிக்க இயலவில்லை" என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடு. நானும் போடுவேன்.

மெஹர்பானு அம்மா: எழுதியதை ஆகஸ்ட் கூட்டத்தில் வைக்க வேண்டும். அவர் வைப்பார். இருந்தாலும் தேதியை நீ ஒருமுறை நினைவுபடுத்து.

கார்மேகம்: என் கட்டிலை நாற்பது நாளும் யாருக்கும் விடக் கூடாது. சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவதும் அவன்தான், ஆகவே இதையும் படித்திருப்பான்.

மறுபடி நீ: லீவில் பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்குச் செய்துகொள்ளப் போகிறேன். அங்கே காசு வாங்க மாட்டார்கள். உடன் இருப்பவர் யார் என்று ஒரு தாளில் கேட்பார்கள். உன் பெயரைத்தான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் செய்யச் சொல்கிறேன், ஒத்துக்கொண்டால் உனக்கு லீவு தேவைப்படாது.

ஆதிரை: காலையில் எழுந்து பல் தேய்த்து, ஏழேகால் பஸ்ஸில் உன் மடியில் ஏறிக் காப்பகம் போக வேண்டும். அழாதே என்று அவளிடம் சொல்லாதே. அழட்டும். ஆனால் போக வேண்டும்.

அம்மையப்பன்